நான்கடித் தொட்டியில் லயன்ஃபிஷ் விடலாமா?

நீலத்தொட்டி:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல், மணல் போக 200 லிட்டருக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் நிற்கும். கீழே சம்ப் (தண்ணீர் சுத்தமாகித் திரும்பும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) இரண்டும் உண்டு. உப்பின் அளவு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 10-க்குள். உள்ளே ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஐந்து பச்சைக் குரோமிஸ், ஒரு ஃபயர்ஃபிஷ் கோபி, ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு க்ளீனர் இறால். பவளம் கிடையாது.

போன ஞாயிறு, சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போயிருந்தபோது ஒரு கடையில் வாலிட்டன்ஸ் என்ற வகை லயன்ஃபிஷ் குட்டியைப் பார்த்தேன். மூன்று அங்குலம் இருக்கும். மூலையில் காய்ந்த இலை மிதப்பதுபோல அசையாமல் நின்றது. ஆறு வயது மகள் கண்ணாடியில் மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை. எனக்கும் இந்த மீன்மேல் ரொம்ப நாள் ஆசை. "குட்டிதான் சார், மத்த மீனோட சேர்ந்தே வளரும். வயிறு நிறைய தீனி போட்டா எதையும் தொடாது" என்றார் கடைக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதன் முள்ளில் உள்ள விஷம்தான் பயமாக இருக்கிறது. கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் துரத்திவந்து குத்துமா? குத்தினால் உயிருக்கு ஆபத்தா? விஷம் தண்ணீரில் கலந்து மற்ற மீன்கள் சாகுமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய உப்பு:

தம்பி, பணம் கொடுக்காமல் வந்தீர்களே, நல்லது. விஷத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், வாயைப் பற்றி ஒன்றுகூட இல்லை. உங்கள் தொட்டிக்கு அதன் வாய்தான் ஆபத்து.

முதலில் நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். துரத்திவந்து குத்தாது. முள் தற்காப்புக்கு மட்டும்தான், இரை பிடிக்க அதைப் பயன்படுத்துவதே இல்லை. முதுகில் 13, வயிற்றுத் துடுப்பு இரண்டிலும் ஒவ்வொன்று, பின்னால் குதத் துடுப்பில் 3, ஆக 18 விஷமுள். பக்கவாட்டில் விசிறிபோல ஒரு துடுப்பு விரிகிறதே, பார்க்க அதுதான் மிரட்டலாக இருக்கும், அதில் விஷம் இல்லை. ஒவ்வொரு விஷமுள்ளிலும் நீளவாக்கில் இரண்டு பள்ளம் ஓடும். அதற்குள் விஷத் திசு, மேலே மெல்லிய உறை. முள் நம் தோலில் ஏறும்போது உறை பின்னால் தள்ளப்படும், அந்த அழுத்தத்தில் விஷம் காயத்துக்குள் இறங்கும். தானாக எதையும் பீய்ச்சாது. அதனால் முள் விஷம் தண்ணீரில் கலந்து மற்ற மீன்கள் சாகுமே என்ற பயம் வேண்டாம். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தலையைச் சாய்த்து முதுகு முட்களை நம் பக்கம் திருப்பும். அதைக் கண்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

இப்போது வாய்க்கு வருகிறேன். 2011-ல் நான் இதே காரியத்தைச் செய்தேன். நாலரை அங்குல வாலிட்டன்ஸ், கூட ஆறு குரோமிஸ். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் காலை விளக்கைப் போட்டால் ஐந்துதான் இருந்தது. தரையில் தேடினேன், சம்பில் தேடினேன், வடிகுழாயைக் கழற்றிப் பார்த்தேன். லயன் பாறைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிறு ஒரு பக்கம் மட்டும் புடைத்து, உள்ளே மடங்கிக் கிடந்த மீனின் முதுகு வளைவு வெளியே தெரிந்தது. அன்று மாலை வயிறு நிறைய இறால் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து எண்ணினால் நான்கு.

அது வேட்டையாடியதை ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு மட்டும் எரியும் நேரம். இரண்டு விசிறியையும் விரித்துக் குரோமிஸை மூலைக்கு ஒதுக்கிக்கொண்டே போனது, அவசரமே இல்லாமல். அரைச் சாண் தூரம் வந்ததும் வாயிலிருந்து தண்ணீரை ஊதியது. என்ன வருகிறதென்று பார்க்கக் குரோமிஸ் முகத்தைத் திருப்பியது. அவ்வளவுதான், தலை முதலில் உள்ளே போய்விட்டது.

தன் நீளத்தில் பாதி இருக்கிற மீனைக்கூட விழுங்கும். இன்று மூன்று அங்குலம், நன்றாகத் தின்றால் ஒரு வருடத்தில் எட்டு அங்குலம், முழு வளர்ச்சியில் ஓரடிக்கு மேல். உங்கள் ஃபயர்ஃபிஷ் பென்சில் பருமன், அதுதான் முதலில் போகும். அப்புறம் இறால், குரோமிஸ், கடைசியில் க்ளவுன். ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்றுதான் மிஞ்சும். வாலிட்டன்ஸுக்கு 450 லிட்டராவது வேண்டும், தொட்டி அகலம் இரண்டடி வேண்டும். ஒன்றரை அடியில் அது விசிறியை விரித்துத் திரும்பவே இடம் போதாது.

ஐந்தடிக்காரன்:

உப்பு அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்தடிக்கு இரண்டுக்கு இரண்டு தொட்டியில் நான்கு வருடமாக வாலிட்டன்ஸ் வைத்திருக்கிறேன். கூட ஒரு பவுடர் ப்ளூ டாங், ஒரு எம்பரர் ஏஞ்சல், ஒரு ஸ்னோஃப்ளேக் ஈல். ஒன்றும் சாகவில்லை. தினமும் தீனி போடுகிறேன், பசி இல்லாத மீன் எதற்கு வேட்டையாடப்போகிறது? இவ்வளவு சாதுவான மீனை நான் பார்த்ததில்லை. நான் சோபாவில் உட்கார்ந்தாலே முன் கண்ணாடிக்கு வந்து நிற்கும்.

பழைய உப்பு:

சாதுதான், மறுக்கவில்லை. எந்த மீனையும் கடிக்காது, துரத்தாது, இடத்துக்குச் சண்டை போடாது. ஆனால் உங்கள் டாங்கும் ஏஞ்சலும் தப்பியது அதன் வாய்க்குள் நுழையாத அளவில் இருப்பதால். தீனி அதற்குக் காரணமில்லை. பசித்தால் மட்டும் தின்னும் மீன் இல்லை இது. பாறையில் அடுத்த இரை எப்போது வருமென்று தெரியாமல் வளர்ந்த உடம்பு, கிடைக்கும்போதெல்லாம் விழுங்கும். அதன் இரைப்பை அதற்கேற்ப விரியும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். தினமும் போடாதீர்கள். வளர்ந்த லயனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும். தொட்டியில் லயன் பட்டினியில் சாவது குறைவு. ஈரலில் கொழுப்பேறிச் சாவதுதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

செவிலி:

மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வீட்டில் தம்பியும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறான். விஷம் பற்றி நான் சொல்கிறேன், வீட்டில் குழந்தை இருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஆரோக்கியமான பெரியவர்கள் லயன்ஃபிஷ் முள்ளால் சாவது மிக மிக அரிது. வலி மட்டும் கடுமையாக இருக்கும். குத்திய உடனே தொடங்கி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறும். வீக்கம், வியர்வை, குமட்டல் வரலாம், சிலருக்குக் கொப்புளம் வரும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் வரலாம். குழந்தையின் உடம்பு சின்னது என்பதால் பெரியவர்களைப்போல எண்ணி வீட்டில் காத்திருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது சுடுதண்ணீர். இந்த விஷம் புரதம், சூட்டில் கெடும். 45 டிகிரியைத் தாண்டாமல், தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும். சூட்டை குத்துப்படாத கையால் பாருங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாக உறைக்காது, வெந்தே போனாலும் தெரியாது. தண்ணீர் ஆறும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்சவே வேண்டாம். அப்புறம் மருத்துவமனை. முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்ப்பார்கள், டெட்டனஸ் ஊசி போடுவார்கள். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி என்றால் சுடுதண்ணீரெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

செத்த லயனையும் வெறுங்கையால் எடுக்காதீர்கள். செத்த பிறகும் முள்ளில் விஷம் வேலை செய்யும்.

ஐந்தடிக்காரன்:

அக்கா சொன்னது அப்படியே எனக்கு நடந்திருக்கிறது. இரண்டு வருடம் முன் வீடு மாறும்போது லயனை வலையில் அள்ளினேன். முள் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டது. அது துடிக்கிறதே என்று பதறி அவிழ்க்கப் போனேன், வலது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. பார்த்தால் இரண்டு சின்னப் புள்ளி, சுற்றிக் கொஞ்சம் வெளுத்திருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவதுபோல ஆரம்பித்து முழங்கைவரை ஏறியது. சட்டை நனைந்துவிட்டது. மனைவி கீசர் தண்ணீரைப் பிடித்துக் கொடுக்க, விரலை வைத்த கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. எடுத்தால் மறுபடி ஏறியது. ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீக்கம் வடிய நான்கு நாள் ஆயிற்று.

வலை வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் வைத்து, குச்சியால் மெல்ல அதற்குள் ஒதுக்கி, தண்ணீரோடு தூக்குங்கள்.

முத்துநகர்:

தூத்துக்குடிப் பக்கம். டைவிங் போகிறவன் என்பதால் சொல்கிறேன். நீலத்தொட்டி அண்ணே, உங்கள் தொட்டியில் விஷமீன் ஏற்கெனவே இருக்கிறது. ஃபாக்ஸ்ஃபேஸ் நம் ஓரா மீனின் ஜாதி. ஓரா முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று எந்த வலைக்காரரையும் கேளுங்கள். கெளுத்தி முள்ளும் அப்படித்தான். ஒன்றரை வருடம் அதோடு பழகிவிட்டீர்கள், அதனால் முள்ளுக்குப் பயந்து லயன் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. உப்பு அண்ணன் சொன்ன காரணம்தான் சரியான காரணம்.

மன்னார் வளைகுடாவில் லயன் சொந்தக்காரன். பகலில் போனால் பாறை விளிம்புக்கு அடியில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் இறங்கும்போதுதான் வெளியே வரும். நான் கவனித்தது என்னவென்றால், அது வரும் நேரத்துக்குக் குட்டி மீன் கூட்டம் அந்தப் பக்கத்தையே காலி செய்துவிடும். ஓட இடம் இருக்கிறது, ஓடுகின்றன. நான்கடிக் கண்ணாடிக்குள் எங்கே ஓடும்?

ஓட வேண்டும் என்றே தெரியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அட்லாண்டிக்கைப் பார்க்கலாம். அங்கே இந்த மீன் இயல்பாகக் கிடையாது. 1985-ல் ஃப்ளோரிடாவில் டேனியா கடற்கரைப் பக்கம் முதல் மீன் பதிவானது. வீட்டில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. 2004-க்குள் பஹாமாஸ், அப்புறம் கரீபியன் முழுக்கப் பரவிவிட்டது. பஹாமாஸில் சிறு பாறைத்திட்டுகளில் லயனை விட்டு ஐந்து வாரம் எண்ணிப் பார்த்தார்கள். அந்தத் திட்டுகளில் புதிதாகச் சேர்ந்த குட்டி மீன்கள், லயன் இல்லாத திட்டுகளைவிட 79 சதவீதம் குறைவு. 2008-ல் வந்த ஆய்வு. அந்தக் கடல் மீன்களுக்கு இப்படி மிதந்துவரும் இலையை வேட்டைக்காரன் என்று அடையாளம் தெரியவில்லை. தொட்டியில் பிறந்து வளர்ந்த க்ளவுனுக்கு மட்டும் தெரியுமா?

வாங்கி, வளர்ந்து, இடம் போதவில்லை என்றால் கடலில் விடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். நம் கடல் மீன்தானே என்றாலும் கூடாது. கடைத் தொட்டியில் எந்தெந்த ஊர் மீனோடு கிடந்து என்ன நோயைத் தூக்கிவருகிறதோ, யாருக்குத் தெரியும்.

நீலத்தொட்டி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா எழுதியதை அப்படியே தாளில் எழுதித் தொட்டிக்கு மேல் ஒட்டிவிட்டேன், ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் அது பொருந்துமே.

ஒரு கேள்வி. குட்டியாக இருக்கும்போதே விட்டால், மற்ற மீன்களோடு பழகி அவற்றை விட்டுவைக்க வாய்ப்பே இல்லையா?

ஐந்தடிக்காரன்:

இதற்கு நானே பதில் சொல்ல வேண்டும். முதலில் எழுதியபோது ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். லயன் வந்த முதல் ஆறு மாதத்தில் என்னிடம் இரண்டு க்ளவுன் இருந்தன. இரண்டும் ஒரே தொட்டியில் ஐந்து மாதம் லயனோடு இருந்தவைதான். ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து காணாமல் போயின. மூடி இல்லாத தொட்டி, குதித்துவிட்டன, பூனை தூக்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உப்பு அண்ணன் வயிற்றுப் புடைப்பைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்த வாரம் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தேன். படத்தில் தெரிகிறது. ஐந்து மாதம் அவை பழகவில்லை, அதன் வாய் வளரும்வரை இருந்தன. விட வேண்டாம் நண்பரே. தீனியையும் வாரம் மூன்றாகக் குறைத்துவிட்டேன் அண்ணா.

கோவைக்கடல்:

ஆசைப்பட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. ட்வார்ஃப் லயன், அதாவது குள்ள லயன் வகையைப் பாருங்கள். நான் வளர்ப்பது ஃபஸ்ஸி ட்வார்ஃப். ஆறு ஏழு அங்குலத்தோடு நின்றுவிடும், வாலிட்டன்ஸ் மாதிரி நீந்திக்கொண்டே இருக்காது, ஒரு கல்லில் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கும். மூன்றடித் தொட்டி போதும். ஸீப்ரா ட்வார்ஃபும் நல்லது, கொஞ்சம் பெரிதாகும். ஃபூ மாஞ்சு என்ற வகை அழகு, ஆனால் தீனிக்கு மசியாது, முதல் லயனாக வேண்டாம்.

விஷம் ட்வார்ஃபுக்கும் உண்டு. வாயும் அதே வாய்தான், அளவுதான் சின்னது. உங்கள் ஃபயர்ஃபிஷ், இறால் இருக்கிற தொட்டியில் இதையும் விடக் கூடாது. தனித் தொட்டி.

கடையிலேயே செத்த தீனி தின்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். பிடித்துவந்த புதிதில் அசைவதைத்தான் தின்னும். கோல்ட்ஃபிஷ் போடவே போடாதீர்கள். அதில் தயாமினேஸ் இருக்கிறது, வைட்டமின் பி1-ஐ அழிக்கும், மாதக்கணக்கில் தின்றால் மீன் துவண்டுபோகும். மோலியைச் சில மணி நேரத்தில் உப்புத் தண்ணீருக்குப் பழக்கலாம், ஆரம்பத்துக்கு அது போதும். அப்புறம் நீளமான அக்ரிலிக் குச்சியின் நுனியில் தோலுரித்த இறால் துண்டைச் செருகி, நீரோட்டத்தில் அசைகிற மாதிரி ஆட்டிக் காட்டுங்கள். எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. பிறகு இறால், கணவாய், மீன் துண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சந்தையில் மலிவு என்று நெத்திலி மட்டுமே போடாதீர்கள், அதிலும் அந்தத் தயாமினேஸ் உண்டு.

நீலத்தொட்டி:

முடிவு செய்துவிட்டேன். வாலிட்டன்ஸ் இல்லை. நான்கடித் தொட்டி அப்படியே இருக்கும். சாப்பாட்டு அறையில் மூன்றடித் தொட்டி ஒன்று வைக்க வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. கல்லும், கழிவைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாவும் பழைய சம்பிலிருந்தே போகும். அம்மோனியா சுழியம் ஆகிற வரை மீன் இல்லை என்று மகளிடம் சொல்லியாயிற்று, தினமும் டெஸ்ட் கிட் குப்பியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

பழைய உப்பு:

சந்தோஷம் தம்பி. மூடிக்குப் பூட்டு போடுங்கள், உயரத்தில் வையுங்கள். கையை விடும்போது வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

நீலத்தொட்டி:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். ஃபஸ்ஸி ட்வார்ஃப் வந்து ஒன்பது வாரம் ஆகிறது. மூன்றரை அங்குலம், செங்கல் நிறம், முகத்தில் தாடிபோலச் சதைத் துணுக்குகள். மூடிக்குப் பூட்டு போட்டாயிற்று. தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், அப்பா குச்சி எடுத்தால் மகள் டேப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். நிற்கிறாள்.

மூன்றாம் வாரம் ஒரு காலை கண்மேலும் துடுப்பிலும் வெள்ளையாக மெல்லிய தாள்போல ஏதோ பிரிந்து தொங்கியது. நோய் என்று பதறி உப்பு அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். லயன் அவ்வப்போது மேல்தோலை உரித்துப்போடும், அதோடு பாசியும் ஒட்டுண்ணியும் போகும், தொடாமல் விடுங்கள் என்றார். மறுநாள் உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து உதறிவிட்டது. நிறம் இன்னும் ஆழமாக வந்திருக்கிறது.

தீனிதான் பெரிய பாடு. கடையில் தின்றது, வீட்டுக்கு வந்ததும் மறுத்துவிட்டது. முதல் இரண்டு வாரமும் தீனி, உப்புக்குப் பழக்கிய மோலிதான். குச்சியைக் காட்டினால் கல்லுக்குப் பின்னால் போய்விடும். இருபத்திரண்டாம் நாள் இறால் வால்துண்டை மணலோடு ஒட்டி, நண்டு நகர்வதுபோல இழுத்துக்கொண்டே போனேன். விசிறி இரண்டும் மெல்ல விரிந்தன. கல்லிலிருந்து இறங்கி, வயிற்றுத் துடுப்பால் மணலில் நடந்து வந்தது. குச்சி நுனிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாய் திறந்ததைக் கண் பார்க்கவே இல்லை, 'டப்' என்று ஒரு சத்தம் கண்ணாடி வழியாகக் கேட்டது, குச்சி காலி.

நான்கடித் தொட்டியில் ஐந்து குரோமிஸும் இருக்கின்றன, இப்போதுதான் எண்ணிவிட்டு வந்தேன். லயனுக்கு அடுத்த தீனி வியாழக்கிழமை.